வாசா: சிறிதாக்கப்பட்ட ஒரு பெருங்கலம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'மூலமும் உரையும்' என்னும் பொருளில் பேசுமாறு வட்டத்தின் செயலாளர் என்னைப் பணித்தார். அப்பொருளை நூல்களின் வழியாக விளக்குவது எனக்கு எளிது. உங்களுக்கும் அது பழகிய நெறி. இன்று அதனை வேறொரு வாயிலின் வழியே அணுக விரும்புகிறேன். கடந்த இரண்டாண்டுகளாக, விடைத்தாள்களுக்கும் வகுப்புகளுக்கும் இடையே கிடைத்த இரவுப் பொழுதுகளில், ஒரு பழைய பாய்மரக் கப்பலின் மாதிரியை நான் கட்டி வந்தேன். அயல்நாட்டில் வாழும் என் தமையனார் மகன் அனுப்பிய மரத்துண்டுகள் அடங்கிய பெட்டி அது. 'பேராசிரியைக்கு இது என்ன விளையாட்டு?' என்று கேட்டவர்கள் உண்டு. 'எல்லாம் பெட்டியிலேயே வந்துவிடுகிறதே, இதில் படைப்பு எங்கே இருக்கிறது?' என்று கேட்ட கவிஞர் ஒருவர் இந்த அவையிலேயே அமர்ந்திருக்கிறார். அவர் கேட்டது நல்ல கேள்வி. இவ்வுரை அவருக்கு நான் தரும் விடையாகவும் அமையும்.

கலத்தின் வரலாறு

நான் கட்டிய மாதிரிக்கு மூலமாகிய கலம் 'வாசா' என்பது. சுவீடன் நாட்டு மன்னர் குஸ்டாவ் அடால்ஃபின் ஆணைப்படி எழுந்த போர்க்கப்பல் அது. ஆட்சியிலிருந்த அரச குடியின் பெயரே கப்பலின் பெயராயிற்று. 1625-ஆம் ஆண்டு சனவரியில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஹென்ரிக் ஹிபெர்ட்சன் என்னும் டச்சுக் கப்பற் கலைஞர் ஸ்டாக்ஹோமின் அரசக் கட்டுதுறையில் வேலையைத் தொடங்கினார். அவர் நோயுற்று 1627-இல் மறைந்தார். அவருடைய மனைவி மார்கரெட்டா நில்ஸ்டாட்டர் கட்டுதுறையின் நிருவாகத்தை ஏற்றார்; தொழிற்பொறுப்பை ஹைன் யாக்கப்சன் என்பவர் ஏற்றார். நூலாசிரியன் இடையில் மறைய, பிறர் முடித்து வைத்த நூல்களை நாம் அறிவோம். வாசாவும் அத்தகைய படைப்பே.

கலத்தின் நீளம், முன் நீட்டுமரத்தையும் சேர்த்து, 69 மீட்டர். அகலம் 11.7 மீட்டர். அடிமரத்திலிருந்து நடுப்பாய்மரத்தின் உச்சி வரை 52.5 மீட்டர். இரண்டு தளங்களில் அணிவகுத்த கனமான வெண்கலப் பீரங்கிகளும் சிறியனவுமாக மொத்தம் 64. அணியத்திலே பாயும் சிங்கம். அதன் இருமருங்கும் உரோமப் பேரரசர் இருபதின்மரின் உருவங்கள். பின்புறத்தில் அடுக்கடுக்காகச் சிற்பங்கள். போர்க்கருவியாகவும் அரசனின் பெருமையைப் பாடும் மெய்க்கீர்த்தியாகவும் அஃது ஒருங்கே விளங்கியது.

1628 ஆகஸ்டு 10-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, வாசா தன் முதற்பயணத்தைத் தொடங்கியது. பத்துப் பாய்களில் நான்கு மட்டுமே விரிக்கப்பட்டன. வணக்க வெடி முழக்குவதற்காகப் பீரங்கி வாயில்கள் திறந்திருந்தன. மெல்லிய காற்றுதான். ஒரு வீச்சில் கலம் சாய்ந்து நிமிர்ந்தது. அடுத்த வீச்சில் சாய்ந்தது நிமிரவில்லை. கீழ்த்தள வாயில்களின் வழியே நீர் புகுந்தது. ஏறத்தாழ 1,300 மீட்டர் தொலைவே சென்ற நிலையில், கரையில் நின்ற மக்கள் பார்த்திருக்க, 32 மீட்டர் ஆழத்தில் அது மூழ்கியது. ஏறத்தாழ முப்பது பேர் உயிரிழந்தனர். முதற் கட்டப் பயணத்தில் குடும்பத்தாரை உடன் அழைத்துச் செல்லக் கப்பலோர்க்கு இசைவு இருந்தமையால், மாண்டவருள் பெண்டிரும் இருந்தனர்.

1660-களில் மூழ்குமணி என்னும் கருவியின் துணையால் ஐம்பதுக்கும் மேற்பட்ட பீரங்கிகளை மேலே கொணர்ந்தனர். பின்னர்க் கலம் மறக்கப்பட்டது. ஆண்டர்ஸ் ஃபிரான்சேன் என்பவர் 1956-இல் அதன் இருப்பிடத்தைக் கண்டறிந்தார். 1961 ஏப்பிரல் 24 அன்று, 333 ஆண்டுகளுக்குப் பின், அது நீர்மட்டத்துக்கு மேல் தலைகாட்டியது. உப்புக் குறைந்த பால்டிக் கடலில் மரத்தைத் துளைக்கும் கடற்புழு வாழ்வதில்லை. ஆதலால் கருவாலி மரம் அழியாது நின்றது. நம் ஏடுகளைக் கறையான் தின்றது. அவர்களின் கலத்தைத் தின்னும் புழு அந்நீரில் இல்லை. காப்பதும் அழிப்பதும் பல நேரங்களில் இடத்தின் இயல்பே. மரம் வறண்டு பிளவாதிருக்கப் பதினேழாண்டுகள் அதன்மீது ஒருவகைக் காப்புக் கரைசலைத் தெளித்தனர். பின்னர் ஒன்பதாண்டுகள் மெல்ல உலர வைத்தனர். 1990-இல் அதற்கெனவே எழுப்பிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

அளவு என்னும் இலக்கணம்

டென்மார்க்கின் பில்லிங் போட்ஸ் நிறுவனம் வெளியிடும் மரத்தாலான வாசா மாதிரி 75-இல் ஒரு பங்கு அளவுடையது. இச்சிறு எண்ணே மாதிரி கட்டுவோனின் யாப்பிலக்கணம். இதனை மீறினால் தளை தட்டும். 69 மீட்டர் நீளம் 92 சென்டிமீட்டர் ஆகிறது, 52.5 மீட்டர் உயரம் 70 சென்டிமீட்டர் ஆகிறது; ஐந்தரை அடி உயரமுள்ள மாலுமி, கட்டைவிரல் அகலத்தினும் சற்றே உயர்ந்து, இரண்டேகால் சென்டிமீட்டரில் நின்றுவிடுகிறான். மூன்று சென்டிமீட்டர் பருமனுடைய கயிற்றுக்கு 0.4 மில்லிமீட்டர் நூல் வேண்டும்.

நீளம் 75-இல் ஒன்றாகும்போது பரப்பு 75-இன் இருமடிக்கும், எடை மும்மடிக்கும் ஏற்பக் குறைய வேண்டும். 75-ஐ மும்முறை பெருக்கினால் 4,21,875 வரும். வாசாவின் மொத்த எடை ஏறத்தாழ 1,210 டன். அதனை இவ்வெண்ணால் வகுத்தால் மூன்று கிலோவுக்கும் சற்றுக் குறைவு! 120 டன் அடிப்பாரம் 284 கிராம் ஆகிறது. சமையலறையில் ஒரு டம்ளர் அரிசியின் எடைக்குச் சற்று மேல். அது சென்ற முழுத்தொலைவு 17 மீட்டர். இவ்வரங்கின் வாயிலிலிருந்து நான் நிற்கும் மேடை வரைகூட அது வந்து சேர்ந்திராது. மூழ்கிய ஆழம் 43 சென்டிமீட்டர். ஒரு குடத்தின் உயரம்.

வரலாற்று நூலில் 1,300 மீட்டர் என்று படித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இந்த 17 மீட்டரைக் கணக்கிட்டுப் பார்த்தபோது மனம் கனத்தது. சுருக்குதல் என்பது குறைத்தல் அன்று என்பதைக் குறள்வெண்பா இயற்றுவோர்க்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் சுருங்க மறுக்கிறது. அது காற்று. மேசைமீது நிற்கும் மாதிரியை எந்தக் காற்றும் சாய்ப்பதில்லை. அதற்குத் தாங்குகட்டை உண்டு. மூலத்தின் கேடு மாதிரியின் உருவத்தில் முழுமையாக இருக்கிறது. ஆயினும் அது வெளிப்படுவதில்லை. இதனை மனத்தில் கொள்ளுங்கள். பின்னர் இதற்கு வருவேன்.

கட்டும் முறை

பெட்டியைத் திறந்தால் முதலில் கிடைப்பன ஒட்டுப்பலகையில் வெட்டிய துண்டுகள். நடுவே முதுகெலும்பு போன்ற நீண்ட துண்டு. நம் கப்பற் சொல்வழக்கில் ஏரா எனப்படும் அடிமரத்தின் இடத்தில் நிற்பது இது. அதன் பிளவுகளில் குறுக்குத் துண்டுகளைச் செருக வேண்டும்; வங்கு எனப்படும் விலாக்கட்டைகளின் இடத்தில் நிற்பன இவை. ஒவ்வொன்றும் ஏராவுக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பார்த்த பின்னரே பசை இடலாம். பின்னர் விலாக்களின் ஓரங்களை உப்புத்தாளால் சரிவாகத் தேய்க்க வேண்டும். அணியத்துக்கும் பின்புறத்துக்கும் அருகே கப்பல் குறுகுவதால், தட்டையான ஓரத்தில் பலகை படியாது. இத்தேய்ப்பைக் கருத்தோடு செய்தவர்க்கே பின்னர்ப் பலகைகள் வளைந்து கொடுக்கும்.

பலகைகள் மெல்லிய மரப்பட்டிகளாக வருகின்றன. வெந்நீரில் ஊறவைத்து, விரல்களால் மெல்ல வளைத்து, குண்டூசியால் நிறுத்தி, ஒரு நாள் உலரவிட்டுப் பிறகு ஒட்ட வேண்டும். வலப்புறம் ஒன்று ஒட்டினால் இடப்புறமும் ஒன்று ஒட்ட வேண்டும். ஒரே பக்கத்தைத் தொடர்ந்து மூடினால் ஏரா முறுக்கிக்கொள்ளும். நடுவில் உடல் பருத்தும் முனைகளில் சிறுத்தும் இருப்பதால், எல்லாப் பட்டிகளையும் ஒரே அகலத்தில் வைக்க இயலாது. முனைகளில் பட்டியைச் சீவிக் குறுக்க வேண்டும். இடைவெளி விரியும் இடத்தில் ஆப்பு வடிவத் துண்டைச் செருக வேண்டும். பெட்டியில் எல்லாம் இருக்கிறது என்றார் நம் கவிஞர். இந்த ஆப்பு பெட்டியில் இல்லை. ஒவ்வொருவரும் தம் கலத்தின் இடைவெளிக்கேற்பத் தாமே சீவிக்கொள்ள வேண்டியது அது. சீர்களும் தளைகளும் இலக்கண நூலில் இருக்கின்றன. ஆயினும் ஒரு வெண்பாவின் தனிச்சொல் எங்கிருந்து வருகிறது?

கட்டிக்கொண்டிருக்கையில் நான் கற்ற உண்மை ஒன்றுண்டு. மாதிரியில் விலாக்கள் முதலில் நிற்கின்றன. பலகைகள் பின்னர் அவற்றைப் போர்த்துகின்றன. வாசாவைக் கட்டிய டச்சு மரபில் முறை வேறு. அடிமரம் வைத்ததும் அடிப்புறப் பலகைகளை ஒன்றோடொன்று அணைத்துத் தற்காலிகக் கட்டைகளால் இறுக்கி, ஓட்டின் வடிவத்தை முதலில் அமைப்பர். விலாக்களைப் பின்னரே உள்ளே பொருத்துவர். வரைபடம் என்பதே கிடையாது. நீளம், அகலம் முதலிய சில முதன்மையளவுகளும் கலைஞனின் கண்ணும் கைப்பழக்கமுமே அவர்களுக்குத் துணை. ஆக, என் மேசைமேல் விரித்த வரைபடம் ஹிபெர்ட்சனிடம் இருந்ததில்லை. அவர் எழுதாக் கிளவியாகக் கற்றதை நாம் எழுதிய நூலாகப் படிக்கிறோம். உரைகாரன் மூலத்தைத் தலைகீழாக அணுகுகிறான். பாடியவன் உணர்ச்சியிலிருந்து சொல்லுக்கு வந்தான், உரைகாரனோ சொல்லிலிருந்து உணர்ச்சியைத் தேடிச் செல்கிறான். இரண்டும் ஒரே வடிவில் முடியலாம், வழிகள் ஒன்றல்ல.

மற்றொரு செய்தியும் உண்டு. கலத்திலிருந்து கிடைத்த பொருள்களுள் கட்டுவோரின் அளவுகோல்கள் நான்கு. அவற்றுள் இரண்டு சுவீடிய அடிக்கோல்கள். அடி ஒன்றுக்குப் பன்னிரண்டு அங்குலம். மற்ற இரண்டு ஆம்ஸ்டர்டாம் அடிக்கோல்கள். அடி ஒன்றுக்குப் பதினோரங்குலம். இரு குழுவினர் இருவேறு கோல்களைக் கொண்டு உழைத்திருக்கின்றனர். கலத்தின் இருபுறங்களும் முற்றும் ஒத்தவையாக இல்லை. என் மாதிரியிலோ, இயந்திரம் வெட்டிய விலாக்கள் இருபுறமும் மயிரிழையும் பிசகாமல் ஒத்திருக்கின்றன. மாதிரி செம்மையாக இருக்கும் அவ்விடமே அது மூலத்தை விட்டு விலகும் இடம். பழம்பாடலின் ஓசைக் குறையைத் தம் கையால் நிரப்பி அழகுபடுத்தும் பதிப்பாளரை இங்கே நினைத்துக்கொண்டேன்.

நிறமும் பாடவேறுபாடும்

உடல் முடிந்தபின் வண்ணம். இங்கே மாதிரி கட்டுவோர் பதிப்பாசிரியர் ஆகின்றனர்.

கலம் வெளிப்பட்டபோது மரம் கறுத்திருந்தது. சிற்பங்கள் பொன்பூச்சுடன் நீலப் பின்னணியில் விளங்கியிருக்கும் என்று தொடக்கத்தில் கருதினர். அதனால் முன்னாளில் வெளிவந்த மாதிரிகள் பலவும் நீலமும் பொன்னுமாகக் காட்சியளித்தன. பின்னர்ச் சிற்பங்களின் மடிப்புகளில் எஞ்சியிருந்த வண்ணத் துகள்களை ஆராய்ந்தபோது, பின்னணி சிவப்பு என்பதும், சிற்பங்கள் இயல்பான பல வண்ணங்களில் தீட்டப்பட்டிருந்தன என்பதும் தெளிவாயின. அருங்காட்சியகத்தில் உள்ள, பத்தில் ஒரு பங்கு அளவுடைய பெரிய மாதிரி இம்முடிபின்படியே வண்ணம் பெற்றுள்ளது.

எனக்கு முன்னே இரண்டு பாடங்கள் இருந்தன. நீலம் பழகிய பாடம். பல இல்லங்களின் நிலைப்பேழைகளை அணிசெய்வது. கண்ணுக்கு அமைதி தருவது. சிவப்பு ஆராய்ந்த பாடம். முதற்பார்வைக்குச் சற்று உறுத்துவது. நான் சிவப்பையே தீட்டினேன். பழகிய பாடத்தைவிடச் சான்றுள்ள பாடம் உயர்ந்தது என்பதை நாம் உ.வே.சாமிநாதையரிடம் கற்றிருக்கிறோம். ஏடு ஏடாக ஒப்புநோக்கி 1887-இல் சீவக சிந்தாமணியை அவர் வெளியிட்டாரே, அந்த நெறி ஒரு சிறு தூரிகைக்கும் பொருந்தும். நீலக் கலங்களைக் கட்டிய முன்னோரை நான் இகழவில்லை. அன்று கிடைத்த சான்றுக்கு அவர்கள் உண்மையாக இருந்தார்கள்.

சான்று மாறும்போது மாறவேண்டியது வண்ணம் மட்டும் அன்று. கலத்தில் கிடைத்த என்புக்கூடுகளுக்கு ஆய்வாளர்கள் எழுத்துகளை அடையாளமாக இட்டனர். 'ஜி' என்று குறிக்கப்பட்டவரை நெடுங்காலம் ஆண் எனக் கருதி, குஸ்டாவ் என்னும் ஆண்பெயராலேயே அழைத்தனர். மரபணு ஆய்வின் முடிவாக அவர் ஒரு பெண் என்று 2023-இல் அறிவிக்கப்பட்டது. 1628-இல் மூழ்கியவள் ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்குப் பிறகே பெண்ணாகப் பதிவு பெற்றாள். அதன்பின் என் மாதிரியின் மேல்தளத்தில், இரண்டேகால் சென்டிமீட்டருக்குள், பாவாடையணிந்த உருவம் ஒன்றையும் செதுக்கி நிறுத்தினேன். அது பெட்டியில் வந்ததன்று. சான்றிலிருந்து வந்தது.

சிதைந்த இடங்கள்

அடுத்தது கயிறும் பாயும். நிலைக்கயிறுகளை முதலில் இழுத்துக் கட்டிப் பாய்மரங்களை நிறுத்த வேண்டும். பருமல்களையும் பாய்களையும் இயக்கும் ஓடுகயிறுகள் அதன்பின். பக்கக் கயிறுகளின் குறுக்கே ஏணிப்படிகளாக அமையும் மெல்லிய நூல்களை ஒவ்வொரு சந்திப்பிலும் முடிச்சிட வேண்டும்; அம்முடிச்சுகள் நூற்றுக்கணக்கானவை. பூத்தொடுத்துப் பழகிய விரல்களுக்கு அம்முடிச்சு அயலாகத் தோன்றாது. நூலைச் சற்று மிகுத்து இழுத்தால் பாய்மரம் வளையும், நெகிழவிட்டால் தொங்கும்.

இங்கும் ஓர் அறச்சிக்கல் எழுந்தது. இரும்பு ஆணிகள் துருப்பிடித்துக் கரைந்தமையால், வாசாவின் முன்முனை, பின்மாடம் முதலிய பகுதிகள் கழன்று சேற்றில் கிடந்தன. ஏறத்தாழ பதினாலாயிரம் மரப்பொருள்கள் தனித்தனியாகக் கிடைத்தன. சிற்பங்கள் மட்டும் எழுநூறு. எண்ணிடாத ஏடுகளை அடுக்குவது போல அவற்றை இடம்பார்த்துப் பொருத்தினர். ஆறு பாய்கள் மடித்த நிலையில் கிடைத்தன. மேற்பாய்மரங்களும் கயிறுகளும் பெரும்பாலும் இல்லை. அருங்காட்சியகத்தில் கலம் கீழ்ப்பாய்மரங்களோடு மட்டும், குளிர்காலத்தில் துறையில் நிற்கும் கோலத்தில், காட்சி தருகிறது. மாதிரியில் நாம் கட்டும் மேற்கயிறுகள் அக்காலக் குறிப்புகளையும் பிற கப்பல்களையும் கொண்டு அறிஞர்கள் உய்த்துணர்ந்தவை.

புறநானூற்றில் 267, 268-ஆம் பாடல்கள் நமக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தவற்றிலும் அடிகள் சிதைந்தன உண்டு. பதிப்பாசிரியர்கள் அவ்விடங்களைப் புள்ளியிட்டுக் காட்டினர். தாமே பாடி நிரப்பவில்லை. மாதிரிக் கலத்தில் புள்ளியிட இயலாது. பாய்மரம் பாதியில் நின்றால் காண்போர் முறிந்தது என்பர். எனவே நான் ஒரு வழி கொண்டேன். மூலத்தில் கிடைத்த உறுப்புகளுக்குரிய கயிறுகளைக் கருநூலாலும், உய்த்துணர்ந்தவற்றைச் சற்று வெளிறிய நூலாலும் கட்டினேன். தொலைவிலிருந்து காண்போர்க்கு வேறுபாடு தெரியாது. அருகில் வந்து வினவுவோர்க்கு விடை அந்த நூலிலேயே இருக்கிறது. உரையும் கற்பனையும் கலக்குமிடத்தில், கலப்பைச் சொல்லிவிடுவதே நேர்மை.

எந்தக் கணத்தைக் காட்டுவது என்பதும் தெரிவுக்குரியது. பத்துப் பாய்களும் விரிந்து செல்லும் வாசாவைக் கட்டுவோர் உண்டு. அது காண இனியது. ஆனால் அந்தக் காட்சி ஒரு நாளும் நிகழவில்லை. நான் நான்கு பாய்களை மட்டும் விரித்தேன்; பீரங்கி வாயில்களைத் திறந்து வைத்தேன். நிகழ்ந்தது அதுவே.

முப்பது பேர் ஓடிய சோதனை

மாதிரியைக் கட்டி முடித்து எதிரே அமர்ந்து பார்த்தபோது, ஒரு கேள்வி என்னை விடவில்லை. இக்கலம் ஏன் மூழ்கியது என்பதன்று அது. விடை தெரிந்ததே: நீர்மட்டத்துக்கு மேலே உடல் மிகுந்த எடை கொண்டது, அதற்கேற்ற அகலம் இல்லை, அடிப்பாரம் போதவில்லை. மேலும் பாரம் ஏற்றினால் கீழ்த்தளப் பீரங்கி வாயில்கள் நீர்மட்டத்தை நெருங்கும். என் கேள்வி வேறு: இது முன்னரே ஒருவருக்கும் தெரியாதா?

தெரிந்திருந்தது. அதுதான் இவ்வரலாற்றின் துயரம். பயணத்துக்கு முன், கலம் துறையில் நிற்கையில், கடற்படைத் தளபதி கிளாஸ் ஃப்ளெமிங் முன்னிலையில் ஒரு சோதனை நிகழ்ந்தது. முப்பது பேர் மேல்தளத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சேர்ந்து ஓடினர். மும்முறை ஓடுவதற்குள் கலம் அச்சமூட்டுமாறு ஆடியது. துறையிலேயே கவிழ்ந்துவிடுமோ என்று அஞ்சிச் சோதனையை நிறுத்தினர். யோரான் மாட்சன் என்னும் கப்பல் அலுவலர் அங்கே இருந்தார். நிகழ்ந்ததைப் பின்னர் விசாரணையில் உரைத்தவர் அவர். சோதனை நின்றது, பயண ஏற்பாடு நிற்கவில்லை. மன்னர் போர்க்களத்தில் இருந்தார். கலத்தை விரைந்து அனுப்புமாறு வற்புறுத்தி வந்தார். அவரிடம் 'இது மிதக்கத் தகுதியற்றது' என்று சொல்ல ஒருவரும் முன்வரவில்லை.

மூழ்கியபின் கப்பல் தலைவர் சோஃப்ரிங் ஹான்சன் சிறைப்பட்டார், விசாரணை நடந்தது. பீரங்கிகள் கட்டியிருந்தன என்றார் தலைவர். மன்னர் ஏற்ற அளவுகளின்படியே கட்டினோம் என்றனர் கட்டியவர்கள். முதலில் அடிமரம் வைத்தவரோ மண்ணுக்குள் இருந்தார். இறுதியில் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

திருக்குறளில் 'பெரியாரைத் துணைக்கோடல்' என்றோர் அதிகாரம் உண்டு. குறை காட்டித் திருத்தும் துணையற்ற அரசனை அழிக்கத் தனியே பகைவர் வேண்டியதில்லை என்னும் கருத்தை அங்கே காண்கிறோம். வாசாவை எந்தப் பகைவனின் பீரங்கியும் தாக்கவில்லை. அது தன் துறைக்கெதிரிலேயே, தன்னை வாழ்த்த வந்தவர் கண்முன்னே மூழ்கியது.

வட்டத்திற்கு ஒரு வேண்டுகோள்

அன்பர்களே, இங்கே நம் வட்டத்துக்கு வருகிறேன். பத்தாண்டுகள் மாதந்தோறும் கூடியிருக்கிறோம். கவிதைகள் அரங்கேறியுள்ளன, நூல்கள் வெளிவந்துள்ளன, முதன்முதலாக மேடையேறிய இளைஞர் பலர் இன்று பெயர் பெற்றுள்ளனர். இவை பெருமைக்குரியன. ஆயினும் நம் கூட்டங்களில் ஒரு வழக்கம் வேரூன்றி வருவதை நீங்களும் கண்டிருப்பீர்கள். வாசித்தவுடன் கைத்தட்டல், அடுத்துப் பொன்னாடை, அதன்பின் தேநீர். கவிதையின் எடை எங்கே மிகுந்தது, அடிப்பாரம் எங்கே குறைந்தது என்று பேசுவோர் குறைந்துகொண்டே வருகின்றனர். கருத்து வேறுபாடுடையவர் வாயிற்படியில் நின்று தமக்குள் பேசிக்கொள்கின்றனர். படைத்தவர் காதில் அது விழுவதில்லை. முப்பது பேர் ஓடிய சோதனை நடக்கிறது. கலம் ஆடுவதும் தெரிகிறது. பிறகு நாம் அமைதியாக வாழ்த்து மடல் எழுதுகிறோம்.

நான் கடுஞ்சொல்லை வேண்டவில்லை. இளங்கவிஞனை ஒடிக்கும் திறனாய்வு எனக்கும் உடன்பாடன்று. துறையில் நிற்கையில் சொன்ன சொல் கலத்தைக் காக்கும். கடலில் இறங்கியபின் சொல்வது பழிதூற்றலாகவே முடியும். ஆதலின், நூல் அச்சேறுமுன் கையெழுத்துப் படியைப் படித்துக் குறை கூறும் அமர்வு ஒன்றை வட்டம் தொடங்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். அவ்வமர்வில் மூத்தோர் படைப்பும் இளையோர் படைப்பும் ஒரே கோலால் அளக்கப்பெற வேண்டும். பதினோரங்குலக் கோல் சிலர்க்கும் பன்னிரண்டங்குலக் கோல் சிலர்க்குமாக இருத்தல் கூடாது. என் அடுத்த நூலின் கையெழுத்துப் படியை அம்முதல் அமர்வுக்கு நானே தருகிறேன். முப்பது பேரும் தயங்காமல் ஓடிப் பார்க்கலாம்.

வாசாவோடு பிறந்த கலம் ஒன்று உண்டு. 'எப்லெட்' என்பது அதன் பெயர். அதே கட்டுதுறையில் ஹைன் யாக்கப்சன் கட்டிய அக்கலம் வாசாவினும் அகலமாக அமைந்தது. 1629-இல் நீரில் இறங்கி, முப்பதாண்டுகள் பணியாற்றி, 1659-இல் பயன்முடிந்தபின் வேண்டுமென்றே மூழ்கடிக்கப்பட்டது. ஸ்டாக்ஹோமுக்கு அருகே கடலடியில் கண்ட சிதைவு அதுவே என்பதை ஆய்வாளர்கள் 2022-இல் உறுதி செய்து அறிவித்தனர். கைகள் அவையே, மரமும் அதுவே, மரபும் அதுவே. சிறிது அகலம் கூடியது, அவ்வளவுதான். அந்த எளிய கலத்துக்கு இன்று வாசாவின் புகழ் இல்லை. ஆயினும் அது முப்பதாண்டுகள் மிதந்தது.

நம் வட்டம் அடுத்த பத்தாண்டுகளில் அந்த அகலத்தைப் பெறட்டும்.